பிளைன் துணிகளை ஜோடி சேர்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் துணிக்கு நடுவில்தான் என் பிழைப்பு. கோடு, கட்டம், பூ எதுவும் இல்லாத ஒரே நிறத் துணியை எதோடு எதைச் சேர்த்துப் போடுவது என்று சொந்தக்காரர்களும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் கூட வேலை பார்ப்பவர்களும் கேட்கிற கேள்விகளை இங்கே ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன். பிளைன் துணி மாதிரி அழகு வேறில்லை என்பது என் கட்சி, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மேலேயும் பிளைன், கீழேயும் பிளைன் என்றால் சப்பென்று இருக்காதா?

இரண்டும் ஒரே அடர்த்தியில் இருந்தால் சப்பென்றுதான் இருக்கும். எல்லாரும் முதலில் நிறத்தின் பெயரைப் பார்க்கிறார்கள், பச்சைக்கு மஞ்சள் சேருமா, நீலத்துக்குச் சிவப்பு சேருமா என்று. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது எது வெளிர், எது அடர்த்தி என்பதைத்தான். நடுத்தரப் பச்சைச் சட்டைக்கு நடுத்தரச் சாம்பல் பேண்ட் போட்டால், தனித்தனியாக இரண்டும் நல்ல நிறம்தான், சேர்ந்து நிற்கும்போது ஒன்றையொன்று அமுக்கிவிடும். அதே பச்சைக்குக் கீழே அடர் நேவியோ வெளிர் சந்தனமோ வந்தால் உடனே உயிர் வந்துவிடும். சந்தேகமாக இருந்தால் இரண்டையும் கட்டில்மேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, போனில் படம் எடுத்து, அதைக் கருப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் ஒன்றை மாற்றுங்கள்.

அடுத்தது துணியின் மேற்பரப்பு. டிசைன் இல்லாத இடத்தில் கண் நெசவைத்தான் பார்க்கும். வழவழப்பான காட்டன் சட்டைக்குக் கீழே சொரசொரப்பான லினனோ கனமான டெனிமோ வந்தால் போதும், வேறு எந்த அலங்காரமும் வேண்டாம்.

எந்த நிறத்துக்கு எது சேரும் என்று ஒரு பட்டியல் கொடுங்களேன்?

பட்டியலை விட நல்லது ஒன்று உங்கள் வீட்டுப் பீரோவிலேயே இருக்கிறது. அம்மாவின், அம்மாயியின் பழைய பட்டுச் சேலைகளை எடுத்துப் பாருங்கள். அரக்குக்கு மாம்பழ மஞ்சள் கரை, கிளிப்பச்சைக்கு வாடாமல்லி, மயில்கழுத்துக்கு அரக்கு, சந்தனத்துக்கு நாவல்பழ நிறம். தலைமுறை தலைமுறையாகக் கண்ணில் பட்டுத் தேறிய ஜோடிகள் இவை. பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரிலேயே எம்.எஸ். நீலம் என்று ஒரு நிறம் நிலைத்து நிற்கிற ஊர் நம்முடையது, நிறம் பார்க்க வெளியே போய்க் கற்க வேண்டிய அவசியம் இல்லை.

ஆனால் சேலையிடம் நிறத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அளவை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். சேலையில் உடல் நிறைய, கரை கொஞ்சம். அரக்குச் சட்டைக்கு மாம்பழ மஞ்சள் பேண்ட் என்று பாதிக்குப் பாதி போட்டால் கண் கூசும். அரக்குச் சுடிதாருக்கு மஞ்சள் ஷால், அல்லது நேவி சட்டை பேண்டுக்கு அரக்கு நிறக் கைப்பை, இப்படி ஒன்று ஆண்டு மற்றது எட்டிப் பார்த்தால் அழகு. இரண்டும் சம அளவில்தான் வரும் என்றால் ஒன்றின் பளபளப்பைக் குறைத்துவிடுங்கள்: கிளிப்பச்சைக்குப் பதில் பாசிப்பயறு நிறம், வாடாமல்லிக்குப் பதில் வெங்காயச் சருகு நிறம்.

இன்னொன்று, பவானி ஜமக்காளத்தை விரித்துக் கொஞ்ச நேரம் பாருங்கள். அகலமான தனி நிறப் பட்டைகளை அடுத்தடுத்து வைப்பதுதான் அதன் அழகே. எந்தப் பட்டைக்குப் பக்கத்தில் எது வந்திருக்கிறது, எது அகலம், எது ஒல்லி என்று கவனித்தாலே பாதி படிப்பு முடிந்தது.

வெள்ளைச் சட்டை, நீலப் பேண்ட் போட்டால் மில் யூனிபார்ம் மாதிரி இருக்குதுங்க. என்ன பண்றது?

நம்ம பக்கம் நியாயமான கவலைதான், ஷிப்டு முடிகிற நேரத்தில் ரோட்டில் வருகிறவர்களில் பாதிப் பேர் ஏதோ ஒரு சீருடையில்தான் இருப்பார்கள். இளநீலத்துக்கு நேவி என்றால் பள்ளிக்கூடம், காக்கிக்குக் காக்கி என்றால் ஆட்டோ ஸ்டாண்டு, இப்படி மனசில் பதிந்து கிடக்கிறது.

சீருடைத் தோற்றம் நிறத்தால் மட்டும் வருவதில்லை. பாலியஸ்டர் கலந்த துணியின் மினுமினுப்பு, மேலேயும் கீழேயும் ஒரே கனம், எல்லார் உடம்புக்கும் பொதுவாக வெட்டிய தொளதொள அளவு, இந்த மூன்றும் சேர்ந்துதான் அப்படித் தெரிகிறது. அதனால் நிறத்தை அப்படியே வைத்துக்கொண்டு துணியை மாற்றுங்கள். வெள்ளையை லினனில் எடுங்கள், நீலத்தை டெனிமில் எடுங்கள், தோள் தையல் சரியாகத் தோள் எலும்பில் உட்காரும்படி பாருங்கள், கையை முழங்கைக்குக் கீழ்வரை மடித்து விடுங்கள். அதுவும் போதவில்லை என்றால் வெள்ளையை விட்டுத் தந்தநிறத்துக்கு வாருங்கள், நேவியை விட்டுக் கரி நிறத்துக்கு வாருங்கள், ஒரு படி நகர்ந்தாலே சீருடை காணாமல் போய்விடும்.

நான் கருப்பு. கடையில் எப்பவும் வெளிர் நிறமாகவே எடுத்துப் போடுகிறார்கள். அடர்நிறம் எனக்கு நன்றாக இருக்குமா?

நன்றாக இருக்கும், நிறையப் பேரை விட உங்களுக்குத்தான் நன்றாக இருக்கும். ‘உங்க கலருக்கு இது எடுக்காதுங்க’ என்று கடையில் சொல்வதைக் கேட்டுக் கேட்டே எத்தனையோ பேர் வாழ்நாள் முழுக்க வெளிர் ரோஸிலும் வெளிர் நீலத்திலும் அடங்கிப் போயிருக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். கருத்த தோலுக்குக் கடுகு மஞ்சள், பாட்டில் பச்சை, அரக்கு, கருநீலம், செங்கல் நிறம், தூய வெள்ளை எல்லாம் அள்ளிக்கொண்டு போகும். மாம்பழ மஞ்சளைத் தாங்குவதற்குத் தோலில் கொஞ்சம் ஆழம் வேண்டும், அது உங்களிடம் இருக்கிறது.

தவிர்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: உங்கள் தோலின் அடர்த்தியும் துணியின் அடர்த்தியும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிற மங்கிய நிறங்கள். மாநிறக்காரருக்கு மங்கிய பிஸ்கட் நிறம், கருத்தவருக்கு மங்கிய காப்பிப்பொடி நிறம். எந்தத் துணியையும் கன்னத்துக்குக் கீழே வைத்து, கடை வாசல் வெளிச்சத்தில் கண்ணாடி பாருங்கள். முதலில் முகம் கண்ணில் பட்டால் எடுங்கள், முதலில் துணி கண்ணில் பட்டால் வைத்துவிடுங்கள். கடைக்காரர் சொல்வதை விட இந்தச் சோதனையை நம்பலாம்.

கருப்புக்குக் கருப்பு போடலாமா?

தாராளமாக. ஆனால் கருப்பு ஒரே கருப்பு இல்லை. ஒன்று நீலம் ஓடும், ஒன்று செம்பழுப்பு ஓடும், பத்து முறை துவைத்த கருப்பு சாம்பல் ஓடும். வீட்டுக்குள் ஒன்றாகத் தெரிந்த கருப்பு டாப்ஸும் லெக்கிங்ஸும் பஸ் ஸ்டாண்டு வெயிலில் தனித்தனியாக நிற்கும். அதனால் சேர்த்துப் போடப் போகிற கருப்பைச் சேர்த்தே வாங்குங்கள், சேர்த்தே துவையுங்கள், இரண்டும் ஒன்றாக மங்கட்டும். அது முடியாது என்றால் வேறு வேறு துணியில் எடுங்கள். ஒன்று டெனிம், ஒன்று காட்டன் என்றால் வித்தியாசம் வேண்டுமென்றே செய்ததாகத் தெரியும்.

கார்த்திகை, மார்கழியில் முழுக் கருப்பு சட்டை வேட்டி போட்டால் மலைக்கு மாலை போட்டவர் என்றுதான் நினைத்து ‘சாமி’ என்பார்கள். தைப்பூசத்தை ஒட்டிப் பழனிக்கு நடக்கிற நாட்களில் முழுப் பச்சைக்கும் அப்படித்தான். விரதம் இருப்பவர்களின் உடை அது, அந்த மாதங்களில் வேறு நிறம் கலந்து போடுவது மரியாதை.

கடையில் அப்படியே மேட்ச் ஆன பிளவுஸ் துணி வீட்டுக்கு வந்தால் வேறு நிறமாகத் தெரிகிறதே?

கண் கோளாறு இல்லை, விளக்குக் கோளாறு. இரண்டு துணிக்கும் வேறு வேறு சாயக் கலவை போட்டிருப்பார்கள், ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரியும், வேறு விளக்கில் பிரிந்துவிடும். திருப்பூரில் இதற்கென்றே ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். சரக்கை வாங்குகிற வெளிநாட்டு பையர் அனுப்பிய மாதிரித் துணியையும் சாயப்பட்டறையிலிருந்து வந்த துண்டையும் அதற்குள் வைத்து, பகல் வெளிச்சத்துக்கு டி65 விளக்கு, வெளிநாட்டுக் கடை வெளிச்சத்துக்கு டிஎல்84 விளக்கு என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்போம். எல்லா விளக்கிலும் ஒத்துப் போனால்தான் ஷேடு ஓகே.

உங்களுக்குப் பெட்டி வேண்டாம். கோவை ஒப்பணக்கார வீதியாக இருந்தாலும் கிராஸ்கட் ரோடாக இருந்தாலும் சேலையைக் கையோடு கொண்டுபோங்கள், போனில் எடுத்த படத்தை நம்பாதீர்கள். கடைக்குள் பிடித்ததை இரண்டு, மூன்றாகக் குறைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து பாருங்கள், பிறகு உள்ளே விளக்குக்கு அடியில் ஒரு முறை. மாலை ரிசப்ஷனுக்கு என்றால் விளக்கில் பார்த்தது முக்கியம், காலை முகூர்த்தம் என்றால் வாசலில் பார்த்தது முக்கியம்.

பிளைன் சேலைக்கு அதே நிற பிளவுஸா, வேறு நிறமா?

வேறு நிறம் என்றுதான் சொல்வேன். முக்கால்வாசி மேட்ச் ஆகிக் கால்வாசி தவறின பிளவுஸ்தான் இருப்பதிலேயே மோசம். அச்சு அசலாக அதே நிறம் கிடைக்காவிட்டால் தைரியமாக விலகிப் போய்விடுங்கள்.

நெகமம் காட்டனில் உடல் பிளைனாகவும் கரை பளிச்சென்றும் வந்தால் கரை நிறத்தில் பிளவுஸ் எடுத்தால் போதும், யோசிக்கவே வேண்டாம். கோவை கோரா காட்டனில் பட்டும் பருத்தியும் கலந்திருப்பதால் ஒரு மெல்லிய பளபளப்பு இருக்கும், அதற்குப் பளபளப்பில்லாத காட்டன் பிளவுஸ் நன்றாக நிற்கும். சிறுமுகை சாஃப்ட் சில்க் மாதிரி இழைந்து விழுகிற சேலைக்கு, கை முழங்கைவரை வருகிற, கொஞ்சம் கனமான துணியில் தைத்த பிளவுஸ் போட்டுப் பாருங்கள். சேலை விழும், பிளவுஸ் நிற்கும், அந்த வேறுபாடே போதும். ஒரு நல்ல கருப்பு, ஒரு அரக்கு, ஒரு தந்தநிறம், ஒரு பாட்டில் பச்சை என்று நான்கு பிளவுஸ் அளவெடுத்துத் தைத்து வைத்துக்கொண்டால் வீட்டில் இருக்கும் பெரும்பாலான பிளைன் சேலைகளுக்கு ஏதாவது ஒன்று உட்கார்ந்துவிடும்.

வேட்டிக்கு எந்தச் சட்டை?

கரையும் சட்டையும் ஒரே நிறத்தில் செட்டாகவே இப்போது விற்கிறார்கள், தவறில்லை, ஆனால் கல்யாண மண்டபத்தில் வரிசையாக எல்லாரும் அதுதான் போட்டிருக்கிறார்கள். ஒல்லிக் கரை வைத்த பால் நிற வேட்டி ஒன்று இருந்தால் எந்த பிளைன் சட்டையும் போடலாம். எனக்குப் பிடித்தது நாவல்பழ நிறம், அடுத்தது மங்கிய கடுகு. கரை கருப்பு சிவப்பாக இருந்தால் எந்தக் கட்சி என்று கேள்வி வரும், அதை மனதில் வைத்து எடுங்கள். வேட்டி முழு வெள்ளையாக இருந்து சட்டை சந்தன நிறம் என்றால் சட்டை அழுக்காகத் தெரியும், அங்கே வேட்டியையும் பால் நிறத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

டாப்ஸ், லெக்கிங்ஸ், ஷால் மூன்றும் பிளைன். எப்படிப் பிரிப்பது?

இரண்டு ஒன்றாக, ஒன்று தனியாக. டாப்ஸும் லெக்கிங்ஸும் ஒரே நிறம் என்றால் ஆள் உயரமாகத் தெரிவார், ஷால் மட்டும் வேறு. மூன்றும் மூன்று நிறம் என்றால் அவற்றில் ஒன்று வெள்ளை, கருப்பு, சாம்பல், சந்தனம் இவற்றில் ஏதாவதாக இருக்கட்டும்.

ஈரோட்டு வெயிலுக்கு எந்த நிறம்? வியர்வை தெரியாமல் இருக்க வேண்டும்.

ஏப்ரல், மே மாதங்களில் ஈரோடு, கரூர் பக்கம் 40 டிகிரியைத் தாண்டும்போது அடர்நிறம் சூட்டை இழுக்கும், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் வியர்வைக் கறைக்கு விதி வேறு. நனைந்தால் அதிகமாக நிறம் மாறுவது நடுத்தர நிறங்கள்தான். சாம்பல், இளநீலம், மங்கிய பச்சை மூன்றும் அக்குளில் வட்டம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும், அதிலும் நூலிலேயே கருப்பும் வெள்ளையும் கலந்த மெலாஞ்ச் சாம்பல் ரொம்ப மோசம். வெள்ளையிலும் நேவியிலும் கருப்பிலும் அவ்வளவாகத் தெரியாது. அதனால் வெயிலில் அலைகிற வேலை என்றால் மேலே வெள்ளை அல்லது தந்தநிறம், கீழே அடர்நிறம். ஆடிக் காற்று அடிக்கிற மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றுக்குக் கோவை, பொள்ளாச்சிப் பக்கம் மெல்லிய ஷால் நிற்காது, கனமான காட்டனாகப் பாருங்கள்.

விசேஷத்துக்குக் குடும்பமே ஒரே நிறத்தில் வரலாம் என்று இருக்கிறோம். நன்றாக இருக்குமா?

ஒரே நிறம் வேண்டாம், ஒரே குடும்ப நிறங்களாக இருக்கட்டும். பச்சை என்று முடிவு செய்தால் அப்பாவுக்குப் பாட்டில் பச்சை, அம்மாவுக்கு இலைப்பச்சை, பிள்ளைக்குப் பாசிப்பயறு நிறம். கொங்குக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு இணைச்சீர் செய்கிற அக்காவோ தங்கையோ அந்தச் சடங்கில் எல்லார் கண்ணிலும் பட வேண்டியவர், அவருக்கு மட்டும் அரக்கோ வாடாமல்லியோ விட்டுவிடுங்கள், மற்றவர்கள் பின்னால் அமைதியான நிறத்தில் இருந்தால் படத்தில் யாருக்கு விசேஷம் என்று கேட்காமலே தெரியும். தென்னந்தோப்பில் படம் எடுப்பதாக இருந்தால் பச்சையே வேண்டாம், செங்கல் நிறமும் வெள்ளையும் கடுகு மஞ்சளும் அங்கே அருமையாக எடுக்கும். ஒளிர்கிற ரோஸ், ஒளிர்கிற பச்சை எல்லாம் கழுத்திலும் தாடையிலும் தன் நிறத்தை அடித்துவிடும், போட்டோகிராபர் எவ்வளவு திருத்தினாலும் முழுசாகப் போகாது.

திருப்பூர் காதர்பேட்டையில் பிளைன் டி-ஷர்ட் எடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

எக்ஸ்போர்ட் மிச்சம் வருகிற இடம், நல்ல சரக்கும் இருக்கும், தள்ளுபடியான சரக்கும் இருக்கும். பிரிண்ட் போட்ட துணியில் பல குறைகள் மறைந்துவிடும், பிளைனில் எதுவும் மறையாது, அதனால் நிதானமாகப் பாருங்கள்.

டி-ஷர்ட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, கையை மடித்து நெஞ்சுப் பகுதி மேல் படிய வையுங்கள். உடல் ஒரு ரோலிலும் கை வேறு ரோலிலும் வெட்டியிருந்தால் ஒரு நூல் அளவு ஷேடு வித்தியாசம் தெரியும், போட்ட பிறகு அது தோள் ஓரத்தில் கோடு கிழித்த மாதிரி நிற்கும். கழுத்தைச் சுற்றி வருகிற ரிப் பட்டையையும் அப்படியே உடலோடு ஒட்டிப் பாருங்கள், ரிப் வேறு பின்னல் என்பதால் சாயம் ஏறுவதும் கொஞ்சம் மாறும். அப்புறம் பக்கத் தையலைப் பிடித்துத் தொங்க விடுங்கள். அக்குளிலிருந்து நேராக இறங்காமல் முன்பக்கமாகச் சுற்றி வந்தால், துவைத்த பிறகு இன்னும் சுற்றும். கனம் 180 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி 180 கிராம், இருந்தால் பிளைனுக்கு நல்லது. 140க்குக் கீழே போனால் வெள்ளையில் உள்ளே போட்ட பனியன் தெரியும். கடைசியாக, வெள்ளைக் கைக்குட்டையை லேசாக நனைத்து உள்பக்கத்தில் தேய்த்துப் பாருங்கள், அடர்நிறமாக இருந்தால் லேசாக ஒட்டுவது சகஜம், திட்டாக ஒட்டினால் விட்டுவிடுங்கள்.

சாயம் போகாமல் இருக்க உப்புத் தண்ணீரில் ஊற வைக்கலாமா?

பருத்திக்குச் சாயம் ஏற்றும்போது உப்பு சாயத்தை நூலுக்குள் தள்ளும், சோடா அதைப் பிடிக்க வைக்கும். அது பட்டறையில் நடக்கிற வேலை. துணியாகி வந்த பிறகு வாளியில் உப்பு போட்டு எதுவும் பிடிக்காது. பிடிக்காமல் மேலே தங்கின சாயம் முதல் சில துவைப்பில் போய்த்தான் ஆகும், அதுவரை தனியாக, குளிர்ந்த தண்ணீரில், உள்பக்கம் வெளியே திருப்பித் துவைத்து நிழலில் உலர்த்துங்கள். சந்தனம், தந்தநிறம் போன்றவற்றுக்கு வெண்மையைக் கூட்டுகிற சோப்புத்தூள் வேண்டாம், அதில் இருக்கிற பொருள் துணியில் ஒட்டி நிறத்தை நீலவெள்ளையாக இழுத்துவிடும்.

அடர்நிறத்துக்குச் சாயமும் உப்பும் அதிகம் செலவாகிறது. சாயக் கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாடு நமக்குத் தெரியும், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதும், பிறகு கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தினால்தான் ஓட்டலாம் என்று ஆனதும் இங்கே எல்லாரும் பார்த்ததுதான். ஒரு நேவி சட்டை நல்லபடியாக நான்கு வருஷம் வந்தால் அத்தனைக்கும் ஒரு மரியாதை.

செருப்பு, பெல்ட்?

இரண்டும் ஒரே தோல் நிறம். பழுப்பு ஒன்று வைத்துக்கொண்டால் கருப்புப் பேண்டைத் தவிர எல்லாவற்றுக்கும் போகும்.

இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கேன், கையில் காசு கம்மி. எதிலிருந்து ஆரம்பிப்பது?

பேண்டிலிருந்து ஆரம்பியுங்கள், சட்டையிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். நேவி ஒன்று, கரி நிறம் ஒன்று, காக்கிச் சந்தனம் ஒன்று. அதற்கு மேல் வெள்ளை, இளநீலம், அரக்கு, பாட்டில் பச்சை, வெங்காயச் சருகு நிறம் என்று ஐந்து சட்டை. மூன்றுக்கு ஐந்து, பதினைந்து ஜோடி. எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுக்க வேண்டாம், முதல் சம்பளத்தில் நேவி பேண்டும் வெள்ளையும் அரக்கும் போதும். ஈரோடு ஜவுளிச் சந்தை திங்கள் இரவு ஆரம்பித்துச் செவ்வாய் வரை நடக்கும், துணியாக எடுத்துத் தைத்துக்கொள்வது உங்களுக்கு ஒத்துவரும் என்றால் அங்கே பாருங்கள். தையல்கூலியில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள், பிளைன் சட்டையில் காலர் கோணினால் எல்லார் கண்ணும் அங்கேதான் போகும்.